ஒலிநடை: ஹட்டனைக் காதுகொடுத்துக் கேட்போம்

(காட்சி: ஹட்டன் பஸ் நிலையம், காலை. பத்து வினாடிகளுக்குப் பேச்சு இல்லை. சுற்றுப்புற ஒலி மட்டும்.)

"மஸ்கெலியா, நல்லதண்ணி! நல்லதண்ணி!"

சிவனொளிபாதமலைக்குப் போகும் காலத்தில், டிசம்பரிலிருந்து மே வரை, இந்தக் கூவல் விடிய விடிய ஓயாது. தினமும் கேட்கிறோம், ஆனால் இதைக் கேட்பதற்கென்றே இங்கு வந்து நின்றிருக்கிறோமா? அப்படி வந்து, வாய் பேசாமல், காதை மட்டும் திறந்துவைத்து நடப்பதுதான் ஒலிநடை. கருவி எதுவும் வேண்டாம்.

இது ஒரு கலை வடிவம். 1966இல் நியூயோர்க்கில் மாக்ஸ் நியூஹவுஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர், கச்சேரிக்கு வந்தவர்களின் கையில் 'கேள்' என்று முத்திரை குத்தித் தெருவுக்கு அழைத்துப் போனார். தெருவின் சத்தமும் மின்நிலையத்தின் இரைச்சலுமே கச்சேரி. பின்னர் கனடாவின் வன்கூவரில் இசையமைப்பாளர் மறே ஷாஃபரின் குழு ஊர்களின் ஒலிகளை ஆராய்ந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1974இல் ஒலிநடை பற்றி விரிவாக எழுதினார்.

ஷாஃபர் மூன்று வகை ஒலிகளைப் பிரித்துக் காட்டுகிறார். பழகிப்போனதால் காதில் ஏறாத அடியொலி ஒன்று. ஹட்டனில் அது மேட்டில் முக்கி ஏறும் பஸ்ஸின் உறுமல். நம்மைத் திரும்பவைக்கும் அறிவிப்பொலி இன்னொன்று. பாண் விற்கும் ஆட்டோ பேத்தோவனின் பியானோ மெட்டை இசைத்தபடி வருகிறதே, அதுதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகளுக்கு அந்த மெட்டு என்றாலே சீனிப் பணிஸ். மூன்றாவது, ஓர் ஊருக்கே உரிய அடையாள ஒலி. என் தேர்வு, கொட்டகலைப் பக்கம் போகும் ரயில். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டிக்குப் பெட்டி இளைஞர்கள் 'கூ' என்று கத்த, அரைக் கிலோமீற்றருக்கும் மேலான இருட்டு முழுக்க அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பும்.

(காட்சி: தேயிலை மலை. படம் மெல்ல மறைந்து திரை கறுக்கிறது, ஒலி தொடர்கிறது.)

மலையகத்தைப் படம் எடுத்தவர்கள் எண்ணில் அடங்கார். அந்தப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண் பச்சைக்கு நடுவே ஒரு நிறமாக நின்றுவிடுகிறார். படத்தை அணைத்துவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வெளியே நின்று கேளுங்கள். கொழுந்துச் சாக்கு தொப்பென்று விழுகிறது. தராசுக் கொக்கி கிரீச்சிடுகிறது. நிறுப்பவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். "ஏன் ரெண்டு கிலோ குறையுது?" என்று ஒரு பெண் உரக்கக் கேட்கிறார்; பின்னால் நிற்பவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். எந்த அஞ்சலட்டைப் படத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஒலிநடை மலையகத்துக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அடங்கிப்போன ஒலிகளையும் தேட வேண்டும். ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுத் தப்பு என்ற வேலைக்கு அழைக்கும் பறையை அடித்தே லயங்களை எழுப்பினார்கள். அதே தப்பு திருவிழாவிலும் சாவு வீட்டிலும் காமன் கூத்திலும் முழங்கும். அடி மட்டும் வேறு. வேலைக்கு அழைத்த அந்த அடியைக் காதால் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள்.

உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அந்த அடியை மேசையிலாவது தட்டிக் காட்டச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவுசெய்து, தோட்டத்தின் பெயரோடும் டிவிசன் பெயரோடும் எங்களுக்கு அனுப்புங்கள்.