தராசு வந்துவிட்டது: சிஓ-3 புல்லுக்கு எருவா, யூரியாவா?

வணக்கம் உறவுகளே. இன்றைக்குப் பால் கறக்கிற காணொளி இல்லை. முதலில் இதைப் பாருங்கள், தொங்கு தராசு! மூன்று மாதமாக வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான். கிளிநொச்சியில் முதல் கடையில் 4,800 ரூபாய் சொன்னார்கள், பேசாமல் வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் 3,200, ஆனால் கொளுக்கி ஆடுகிறது, பாரம் தூக்கினால் கழன்றுவிடும் போல இருந்தது. மூன்றாவது கடையில் அதே தராசு, இறுக்கமான கொளுக்கி, 2,900! வீட்டுக்கு வந்து அம்மாவின் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தேன், 10.05 காட்டியது. அந்த 50 கிராம் பையின் நிறைதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, எதற்குத் தராசு? மாட்டுத் தீனுக்கு வளர்க்கிற சிஓ-3 புல்லை நிறுக்கத்தான். "எரு மட்டும் போதும்" என்று உங்களில் பாதிப் பேர், "யூரியா போடாமல் புல் வளருமா" என்று மீதிப் பேர். அதனால்தான் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பாத்தி பிரித்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு மக்கிய மாட்டெரு, ஒன்றுக்கு மட்டும் முதல் வெட்டு முடிந்து தளிர் வந்ததும் தூருக்கு ஒரு மேசைக்கரண்டி யூரியா. 45 நாளில் வெட்டினேன். எரு மட்டும் போட்ட பாத்தியில் பத்துத் தூருக்கு 31 கிலோ, யூரியாவும் சேர்ந்ததில் 46. ஆ, சொல்ல மறந்துவிட்டேன், பனி காய்ந்த பிறகுதான் இரண்டையும் நிறுத்தேன், ஈரத்தோடு நிறுத்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

யூரியாவில் நைதரசன் 46 வீதம். புல்லுக்குள் போகிற நைதரசன்தான் புரதமாகிறது, அதனால் அளவாகப் போட்டால் விளைச்சலும் கூடும், புரதமும் கூடும். ஆனால் வெட்டுகிற நாளைத் தவற விட்டால் எந்த உரமும் காப்பாற்றாது. போன முறை நான் 70 நாள் விட்டேன், தண்டு மூங்கில் மாதிரி, மாடுகள் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிட்டன. நிறை இருந்தது, தீன் இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதைப் பழைய ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சிவப்பு நாகு (இன்னும் கன்று போடாத பசு) நோயில் படுத்த காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஆடி மாதம், சோளகக் காற்று, மண் வெடித்துக் கிடந்தது. கரும்பச்சையாக வரட்டும் என்று இரண்டு மடங்கு யூரியா போட்டேன். வறட்சியில் வாடி நின்ற புல் நைதரசனைப் புரதமாக்க முடியாமல் நைத்திரேற்றாகத் (nitrate) தண்டின் அடியில் சேர்த்து வைத்திருக்கிறது. அது மாட்டின் வயிற்றில் நைத்திரைற்றாக (nitrite) மாறி இரத்தத்தில் ஒட்சிசன் ஏற விடாது. நாகு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, வாயைத் திறந்து பார்த்தால் முரசு (பல் ஈறு) மண்ணிறம். மிருக வைத்தியர் ஊசியில் எடுத்த இரத்தம் கோப்பி மாதிரி இருந்தது. மெதிலீன் நீலம் என்ற மருந்தை ஏற்றித்தான் பிழைத்தது. இன்றும் அந்த நிறம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், வறட்சியில் யூரியா எறியாதீர்கள். வறட்சிக்குப் பிறகு மழை பெய்தவுடனும் வெட்டாதீர்கள், ஒரு கிழமை பொறுங்கள். வெட்டினாலும் அடித்தண்டைக் கொஞ்சம் விட்டு மேலே வெட்டுங்கள்.

அப்புறம், யூரியாவை மண்ணில் மேலாகத் தூவி அப்படியே விட்டால் ஒரு பகுதி ஆவியாகவே போய்விடும். தூவினால் அன்றைக்கே தண்ணீர் விடுங்கள். ஒரு அந்தர் (50 கிலோ மூட்டை) விற்கிற விலைக்கு அதைக் காற்றில் விடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

2021 வைகாசியில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதே, கார்த்திகையில் தளர்த்தும் வரைக்கும் கொட்டில் கழுவுகிற, மூத்திரம் கலந்த தண்ணீரைத்தான் வாய்க்காலில் திருப்பி விட்டேன். எரு மட்டும் என்று மூத்திரத்தை வீணாக்குகிறோம், பொட்டாசியம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, ஒவ்வொரு வெட்டிலும் புல் நிறையப் பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. இரண்டு பாத்திக்கும் அதுவும் போகிறது, முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வெட்டில் தொட்டியில் மிஞ்சுகிற தண்டையும் நிறுத்துக் காட்டுகிறேன். வேலி ஓரத்துக் கிளிசரியா இலையையும் கலந்து போடப் போகிறேன், அதற்கு இரண்டு மாடுகள் இன்னும் முகத்தைத் திருப்புகின்றன, முதல் நாள் வாட விட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.