ஒரு நிறத்துக்கு ஒரு திரை

நேயர்களுக்கு வணக்கம்.

ராக் இசைச் சுவரொட்டி என்றதும் பலருக்கும் 1966, 67ஆம் ஆண்டுகளின் சான் பிரான்சிஸ்கோதான் நினைவுக்கு வரும். ஃபில்மோர் அரங்குக்காக வெஸ் வில்சன் வரைந்த, தீ நாக்குகளாய் நெளியும் எழுத்துகள். விக்டர் மொஸ்கோசோவின் கண்கூசும் நிறங்கள். அவை பெரும்பாலும் ஆஃப்செட் என்ற, பெருமளவில் அடிக்கும் அச்சு இயந்திரத்தில் அச்சானவை. இன்று நான் பேச வந்தது, அவற்றுக்குப் பிறகு வந்த, கையால் அச்சடித்த சுவரொட்டிகளைப் பற்றி.

பங்க் என்ற முரட்டு ராக் வகையின் இசைக்குழுக்களிடம் காசு கிடையாது. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்த தாளைத் தெருக் கம்பங்களில் ஒட்டுவார்கள், அவ்வளவுதான் விளம்பரம். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஓவியர் ஃபிராங்க் கோசிக் அப்படித்தான் தொடங்கினார். பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு, அதாவது வலைத் திரை வழியே மையைத் தாளில் இறக்கும் அச்சு முறைக்கு வந்தார். பழைய கார்ட்டூன் முகங்களைப் பளீரென்ற நிறங்களில் பெரிய தாளில் கொண்டுவந்தார். கிளீவ்லாந்தில் டெரெக் ஹெஸ், யூக்லிட் டேவர்ன் என்ற மதுக்கூடத்தில் தானே குழுக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்தினார், அவற்றுக்குத் தானே படமும் வரைந்தார்.

ஏன் ஸ்கிரீன்? ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் ஆஃப்செட் கட்டுப்படியாகும். சில நூறு பேர் கூடும் இடத்துக்கு நூறு, இருநூறு தாள் போதும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, மை, ரப்பர் விளிம்புள்ள ஸ்க்வீஜி, கார் நிறுத்தும் கொட்டகை. இவ்வளவு இருந்தால் வேலை நடக்கும்.

வலைமீது ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசிக் காயவைப்பார்கள். ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பில் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாது. தண்ணீர் அடித்தால் கரைந்துபோகும். மையை ஊற்றி ஸ்க்வீஜியால் இழுத்தால், அந்தத் திறப்பின் வழியே அது தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. மூன்று நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளும் மூன்று முறை திரைக்கு அடியில் போய்வர வேண்டும்.

இந்தக் கலையின் அழகு முழுவதும் அந்தக் கட்டாயத்தில் இருந்துதான் பிறக்கிறது என்பேன். நிறம் கூடினால் உழைப்பும் செலவும் கூடும். ஆகவே ஓவியர் கணக்குப் போட்டே வரைகிறார். மஞ்சள்மேல் ஒளி ஊடுருவும் நீலத்தை ஏற்றினால், கூடுதல் திரை இல்லாமலே பச்சை கிடைத்துவிடுகிறது. தாளின் வெண்மையையே கண்ணுக்கும் பல்லுக்கும் விட்டுவைக்கிறார். ஒரே திரையில் இரண்டு மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி இழுத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிறம் மெல்ல மாறும். அந்தக் கலவை இழுப்புக்கு இழுப்பு நகர்வதால் முதல் தாளும் ஐம்பதாவது தாளும் ஒன்றாக இருக்காது. பென்சிலில் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் இத்தகைய பிரதிகளுக்கு எவ்வளவு பொருத்தம்!

2002இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ளாட்ஸ்டாக் என்ற சுவரொட்டிக் கண்காட்சி தொடங்கியபின், இதை வாங்கிச் சேர்ப்போர் பெருகினார்கள். இப்போது பத்து நிறத்தில்கூட அடிக்கிறார்கள். அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனாலும் என் விருப்பம் மூன்று நிறச் சுவரொட்டிதான். அதில் ஓவியர் எந்த நிறத்தை எதற்காக வேண்டாம் என்று விட்டார் என்பதுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். மை தாளின்மேல் மேடிட்டு நிற்கும். எந்த நிறம் முதலில் விழுந்தது, எது அதன்மேல் ஏறியது என்று விரலாலேயே சொல்லிவிடலாம்.

நன்றி, வணக்கம்.