ஒரு லாட் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வாங்கினால் என்ன நடக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் ஃபியூச்சர்ஸை, அதாவது பின்னாளில் முடிக்க இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தை, நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். நிலம் வேண்டாமென்று விலகினால் பெரும்பாலும் அட்வான்ஸோடு போய்விடும். இங்கே ஈடாகக் கட்டுகிற மார்ஜினோடு நஷ்டம் நின்றுவிடும் என்று எல்லை கிடையாது. ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியை வைத்தே பார்ப்போம். தேசியப் பங்குச் சந்தையில் 2000 ஜூன் 12 முதல் நடந்துவரும் ஒப்பந்தம் இது.

ஒரு லாட், அதாவது குறைந்தபட்சம் வாங்கவேண்டிய அளவு, 65 யூனிட். முன்பு 75 இருந்தது. 2026 ஜனவரி ஒப்பந்தத்திலிருந்து குறைத்தார்கள். இது அவ்வப்போது மாறும், ஆர்டர் போடும்முன் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். நிஃப்டி 25,000 என்றால் ஒரு லாட்டின் மதிப்பு 16,25,000 ரூபாய். மார்ஜின், சந்தையின் ஆட்டத்தைப் பொறுத்து கூடும், குறையும். கணக்குக்கு 2 லட்சம் என்று வைப்போம். கட்டியது 2 லட்சம்தான், ஆனால் லாபமும் நஷ்டமும் பதினாறே கால் லட்சத்துக்கு ஓடும். ஒரு புள்ளி அசைந்தால் 65 ரூபாய்.

இதை மாதக் கடைசிவரை விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் கடைசி அரைமணி நேரச் சராசரி விலையில் கணக்குப் பார்த்து, நஷ்டத்தை ரொக்கமாக எடுத்துவிடுவார்கள். மார்க்-டு-மார்க்கெட், சுருக்கமாக எம்.டி.எம். என்று சொல்வது இதைத்தான். 25,000-இல் வாங்கினீர்கள். முதல் நாள் 24,800-இல் முடிகிறது: 13,000 ரூபாய் போகிறது. மறுநாள் 24,950: 9,750 திரும்பி வருகிறது. மூன்றாம் நாள் 24,400: 35,750 போகிறது. ஆக 39,000 நஷ்டம். குறியீடு இறங்கியது 2.4 சதவீதம்; உங்கள் மார்ஜினில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணோம். அதை உடனே நிரப்பாவிட்டால் அபராதம், அதன்பிறகும் பணம் வராவிட்டால் புரோக்கரே உங்கள் ஒப்பந்தத்தை விற்று முடித்துவிடுவார். பங்குகளை அடகு வைத்து மார்ஜின் பெற்றவர்களும் எம்.டி.எம். நஷ்டத்துக்கு ரொக்கம்தான் தரவேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2 லட்சம் மார்ஜினுக்கு இன்னொரு 2 லட்சம் சும்மா இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. அதிகம் என்று தோன்றினால், 2024 ஜூன் 4-ஐ நினைத்துப் பாருங்கள். தேர்தல் முடிவு வந்த அன்று ஒரே நாளில் நிஃப்டி 1,379 புள்ளி விழுந்தது. இன்றைய லாட் அளவில் அது 90,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும், காலையில் விலை அதைத் தாண்டியே திறந்தால், கிடைக்கிற விலைக்குத்தான் வெளியேற முடியும்.

அடுத்து பிரீமியம், அதாவது குறியீட்டைவிட ஃபியூச்சர் விலை கூடுதலாக நிற்கும் தொகை. நிஃப்டி 25,000-இல் இருக்கும்போது ஃபியூச்சர் 25,120 என்று காட்டினால், சந்தை ஏறப்போகிறது என்று பொருளல்ல. அதில் இருப்பது பெரும்பாலும் ஒரு மாத வட்டி. ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரி நெருங்க நெருங்க அது கரையும். குறியீடு அசையாமல் நின்றாலும் வாங்கியவருக்கு 7,800 ரூபாய் போகும். இதை முடித்து அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறினால், அதாவது ரோல்ஓவர் செய்தால், மறுபடியும் அதே செலவு.

நிஃப்டி ஒப்பந்தம் மாதத்தின் கடைசிச் செவ்வாயன்று ரொக்கத்தில் முடிந்துவிடும். தனிப் பங்கு ஃபியூச்சர் அப்படியல்ல. எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் முழுத் தொகையைக் கட்டிப் பங்கை எடுத்தாகவேண்டும். விற்றிருந்தால் பங்கைக் கொடுத்தாகவேண்டும். கடைசி நாட்களில் மார்ஜினும் ஏறும். புதியவர்கள் எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வெளியேறிவிடுவது நல்லது.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டிலும் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, சந்தையைக் கண்காணிக்கும் செபி கணக்கிட்டிருக்கிறது. அப்படி நஷ்டப்பட்டவர்கள் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவது இன்னொரு தவறு. இது தொழில் வருமானத்தில் சேரும். கெடுவுக்குள் தாக்கல் செய்தால் நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்கொண்டு சென்று, பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.