வாரக்கணக்கில் ஓடும் நிரலை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அடுத்த கேள்வியை ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். "அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். படிவம், அறிக்கை எல்லாம் நன்றாக எழுதுகிறார்கள். வீட்டுக் கடன் விண்ணப்பம் போல வாரக்கணக்கில் ஓடும் வேலையைக் கொடுத்தால் திணறுகிறார்கள். டெம்போரல், கமுண்டா இரண்டில் எதை முதலில் சொல்லித்தரலாம்? எத்தனை நாள் ஆகும்?"

டெம்போரல், கமுண்டா இரண்டுமே இப்படி நீண்ட நாள் ஓடும் வேலைகளைப் படிப்படியாக நடத்தித் தரும் மென்பொருள்கள். முதல் வாரம் இரண்டையும் தொடாதீர்கள். அவர்கள் திணறுவது கருவி தெரியாததால் அல்ல. இதுவரை அவர்கள் எழுதிய நிரல் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும்: கேள்வி வரும், பதில் போகும். வீட்டுக் கடன் அப்படி இல்லை. கணினி செய்கிற வேலையைக் கூட்டினால் சில நொடிகள்தான். மீதி நாட்கள் முழுக்கக் காத்திருப்பு. வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், மதிப்பீட்டாளர் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், மேலாளர் கையெழுத்திட வேண்டும். அதற்குள் சர்வரை இரண்டு முறை நிறுத்தி ஏற்றியிருப்பார்கள்.

எனவே முதல் பயிற்சி இதுவாக இருக்கட்டும். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து 5,900 ரூபாய் கட்டணம் எடுக்க வேண்டும், எடுத்ததை டேட்டாபேஸில் குறிக்க வேண்டும், பிறகு மதிப்பீட்டாளருக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். எடுப்பதற்கும் குறிப்பதற்கும் நடுவில் 30 நொடி இடைவெளி விடச் சொல்லுங்கள். அந்த 30 நொடிக்குள் நீங்களே போய் நிரலைக் கொன்றுவிடுங்கள். மறுபடி ஓடவிட்டால் ஒருவருடைய நிரல் அப்படியே நின்றிருக்கும், இன்னொருவருடையது இரண்டாவது முறை பணம் எடுத்திருக்கும்.

என் வகுப்பில் ஒரு பெண் திரையில் இரண்டு 5,900 வரிகளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "பணம் எடுக்கும் முன் செத்ததா, எடுத்த பின் செத்ததா என்று நிரலுக்கு எப்படித் தெரியும் சார்?" அந்தக் கேள்வி மாணவரிடமிருந்து வரும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள்: வங்கியைக் கூப்பிடும் முன்பே இந்த வேலைக்கு ஓர் அடையாள எண் உருவாக்கிச் சேமித்துவிடு. எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே எண்ணோடு கூப்பிடு. அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எடுக்காமல் பழைய பதிலையே தரும்படி எதிர்முனை இருக்க வேண்டும்.

அடுத்தது பின்வாங்குதல்: வேலை பாதியில் நின்றுபோனால், ஏற்கெனவே முடிந்த படிகளை எப்படிச் சரிக்கட்டுவது என்பது. இது 1987-லேயே பேசப்பட்ட விஷயம். ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் இருவரும் எழுதிய 'சாகா' கட்டுரை, நீண்ட பரிவர்த்தனையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈடுசெய்யும் செயலை வைக்கச் சொன்னது. ஈடுசெய்வது வேறு, அழிப்பது வேறு. கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும் பாஸ்புக்கில் இரண்டு வரி இருக்கும். போன குறுஞ்செய்தி போனதுதான்.

இரண்டாம் வாரம் கருவிக்குப் போகலாம். நீங்கள் கேட்ட இரண்டில் நான் டெம்போரலை எடுப்பேன், புதியவர்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதலாம் என்பதால். ஊபரில் உருவான கேடன்ஸ் என்ற இதே வகை மென்பொருளிலிருந்து 2019-ல் பிரிந்து வந்தது அது. நடந்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். நிரல் செத்து எழுந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டும், முடிந்த படிகளுக்குப் பதிவேட்டில் உள்ள விடையையே கொடுக்கும். அதனால் ஒர்க்ஃப்ளோ நிரலுக்குள், அதாவது படிகளின் வரிசையைச் சொல்லும் நிரலுக்குள், கணினியின் கடிகாரத்தை நேராகப் பார்க்கக் கூடாது, தற்செயல் எண் எடுக்கக் கூடாது. மறுஓட்டத்தில் வேறு வழியில் போய்விடும்.

பெரும்பாலான பயிற்சிகள் விட்டுவிடுகிற ஒரு பாடம் இருக்கிறது, அதைத் தயவுசெய்து விடாதீர்கள். 20 விண்ணப்பங்களைப் பாதியில் நிறுத்தி வையுங்கள். இப்போது நடுவில் ஒரு படி சேர்க்கச் சொல்லுங்கள், கடன் மதிப்பெண் சரிபார்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய நிரலை ஏற்றியதும் பழைய பதிவேடுகள் பொருந்தாமல் பிழை வரும். பழையவை பழைய வழியிலும் புதியவை புதிய வழியிலும் போகும்படி கிளை பிரித்து எழுதுவதை அங்கேயே பழக்குங்கள். உண்மையான வாடிக்கையாளர்களின் விண்ணப்பங்கள் ஓடும்போது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இல்லை இது.

கருவியைப் பின்னால் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். 2006-ல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் 3.0 உடன், இதே வேலைக்கான விண்டோஸ் ஒர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷன் என்ற கருவி வந்தது. 2010-ல் அதன் நான்காம் பதிப்பு அடிப்படையையே மாற்றிவிட்டது. பின்னால் வந்த புதிய தளமான டாட்நெட் கோருக்கு மைக்ரோசாஃப்ட் அதைக் கொண்டுவரவே இல்லை. கருவியை மட்டும் படித்தவர்கள் இரண்டு முறை அடியிலிருந்து தொடங்கினார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வாரம் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் ஆறு பேரையும் கடன் பிரிவில் கோப்பு பார்ப்பவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேலாளர் மூன்று நாள் பதில் தராவிட்டால் யாருக்குப் போன் செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அதைத்தான் அவர்கள் டைமராக எழுதப்போகிறார்கள்.