லேபிள் டிசைன் பண்றவரு படம் எடுக்கலாமுங்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க. "பனியன் கம்பெனிக்கு லேபிள், ஹேங்டேக், அட்டைப்பெட்டி டிசைன் பண்றேனுங்க. சொந்தமா படம் எடுக்கோணும். வேலையை விட்டுட்டு இறங்கிடலாமுங்களா? டிசைன் தெரிஞ்சது எதுக்கு உதவும்?"

வேலையை விட வேண்டாமுங்க தம்பி. வங்காள சினிமா இயக்குநர் சத்யஜித் ராய் 1943-ல கல்கத்தாவுல ஒரு விளம்பரக் கம்பெனியில டிசைனராத்தான் சேர்ந்தாரு. புத்தக அட்டையெல்லாம் வரைஞ்சவரு. 1952-ல முதல் படத்தை ஆரம்பிச்சப்பவும் அந்த வேலையில இருந்துக்கிட்டேதான், லீவு நாள்ல எடுத்தாரு. காசு தீர்ந்து நின்னு, மறுபடி கிளம்பி, 1955-லதான் படம் வெளிய வந்துச்சு. முதல் படம் இழுத்தடிக்கும்னு வெச்சுக்கிட்டே இறங்குங்க. மாசச் சம்பளம் வந்துட்டு இருந்தா, அவசரத்துல எவன் காசையும் வாங்கிக் கதையை மாத்த வேண்டியதில்லை.

சரி, டிசைன் எங்க உதவும்? ஃப்ரேம் உங்களுக்குக் கைவந்தது. எங்க வெத்திடம் விடணும், கண்ணு முதல்ல எங்க போகணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா டிசைன்ல இருந்து வர்றவங்க மாட்டிக்கிறதும் அதுலதானுங்க. ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு போஸ்டரா முழுசாக்கிடறாங்க. எல்லாத்தையும் அந்த ஒரு ஷாட்டே சொல்லிட்டா, அடுத்தது என்னன்னு பார்க்கறவங்களுக்குத் தோணாது. எடிட்ல உட்கார்ந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. உங்களுக்குப் பழகாதது நேரமும் சத்தமும்தான். உழைப்பையும் காசையும் அங்க போடுங்க.

நேரத்துக்கு ஒரு வழி சொல்றேன். ஸ்டோரிபோர்டை, அதாவது ஷாட் ஷாட்டா வரைஞ்ச படத்தை, பேப்பர்லயே வெச்சிராதீங்க. ஒவ்வொரு படத்தையும் எடிட்டிங் டைம்லைன்ல போட்டு, வசனத்தை நீங்களே போன்ல பேசிப் பதிஞ்சு அடியில வைங்க. ஓட விட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷம்னு நினைச்ச படம் ஒம்பது நிமிஷம் ஓடும். எந்த சீன் வேண்டாம்னு அங்கயே தெரிஞ்சுரும். எடுத்ததுக்கு அப்புறம் வெட்டினா, அந்த சீனுக்குப் போட்ட சாப்பாடு, வண்டி வாடகை எல்லாமே போச்சுங்க.

சத்தத்துக்கு வர்றேன். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன்ல கதை வைக்கறதுன்னா, தறி ஓட ஓட வசனம் பதிய முடியாது. தறியை நிறுத்திட்டு நடிகர்களைப் பேச வைங்க. மைக் வாயில இருந்து ஒரு அடி, ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும். கேமரா மேல மாட்டின மைக் எட்டடி தள்ளி நின்னா சுவரோட எதிரொலிதான் விழும். ரெக்கார்டர் செட்டிங்கை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்னு வைங்க. மீட்டர்ல சத்தத்தோட அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமப் பார்த்துக்குங்க, யாராச்சும் கத்தினாலும் உடையாது. வசனம் முடிஞ்சதும் எல்லாரையும் சும்மா நிக்க வெச்சு அந்த இடத்தோட அமைதியை ஒரு நிமிஷம் பதியுங்க. அப்புறம் தறியை ஓடவிட்டு அதை மட்டும் தனியா ரெண்டு நிமிஷம். எடிட்ல வசனத்துக்கு அடியில தறியை எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஏத்தி இறக்கிக்கலாம். அந்த ஒரு நிமிஷ அமைதியைப் பதிய மறந்தா, ஒவ்வொரு வெட்டுலயும் சத்தம் பொக்குனு அத்துப்போறது காதுல விழும்.

குடோன்ல இன்னொண்ணு, டியூப்லைட். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வெச்ச டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போன் நொடிக்கு 30 ஃப்ரேம்ல, ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்கற நேரம்) நொடியில 60-ல ஒரு பங்குன்னு இருந்தா படத்துல பட்டை பட்டையா ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் 50-ல ஒண்ணு வைங்க. 24 ஃப்ரேம்ல எடுத்தாலும் ஷட்டர் அதேதான். போனை ஆட்டோவுல விட்டா அதுவா மாத்திக்கும், அதனால கையால செட் பண்ற ஆப் போட்டுக்குங்க. விலை குறைஞ்ச எல்இடி பல்பு அப்பவும் மினுக்கலாம், முந்தின நாளே எடுத்துப் பார்த்துருங்க.

படத்தோட பேரும் ஆளுங்க பேரும் வர்ற டைட்டில் கார்டு உங்க பேட்டைங்க, ஆனா பிரிண்ட் பழக்கத்தை விடணும். அச்சு மைக்கான சிஎம்ஒய்கே கலர் வேண்டாம், திரைக்கான ஆர்ஜிபி வைங்க. இஞ்சுக்கு 300 புள்ளிங்கற 300 டிபிஐ கணக்கு இங்க செல்லாது, பிக்ஸல்தான், 1920-க்கு 1080. லேபிள்ல போடற மெல்லிசு கோடும் பொடி எழுத்தும் திரையில நடுங்கும். ஓரத்துல பத்துல ஒரு பங்கு இடம் விட்டு உள்ள எழுதுங்க. எழுத்து எத்தனை நேரம் நிக்கணும்னா, நிதானமா ரெண்டு தடவை வாய்விட்டுப் படிங்க, அவ்வளவு நேரம். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது சப்டைட்டிலுக்கு ஆகாது, யூனிகோடுதான். பிரீமியர்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிக்கு மாத்தலைன்னா 'கொ'வுல கொம்பு இடம் மாறி நிக்கும்.

போஸ்டருக்கு ஸ்டில் தனியா எடுங்க. இதைப் பலபேரு மறந்துடறாங்க. 4கே வீடியோவுல இருந்து ஒரு ஃப்ரேம் எடுத்தா 3840-க்கு 2160. 300 டிபிஐ-க்கு வகுத்தா 12.8-க்கு 7.2 இஞ்ச்தான், சுவர் போஸ்டருக்குப் பத்தாது.

இந்தப் போஸ்டர் வேலைதான் உங்களை உள்ள கொண்டு போகும். கோயமுத்தூர்ல, ஈரோட்டுல குறும்படம் எடுக்கறவங்களுக்கு டைட்டில், போஸ்டர் பண்ணிக் குடுங்க. காசு இல்லைங்கறவங்ககிட்ட ஒரு நாள் சவுண்டுக்கோ எடிட்டுக்கோ ஆள் கேளுங்க. மொய் மாதிரிதானுங்க, எழுதி வெச்சுக்கிட்டு உங்க விசேஷத்துல வாங்கிக்கணும். கேமராமேனும் சவுண்டு ஆளும் அப்படித்தான் அறிமுகமாவாங்க.

படம் முடிஞ்சதும் யூடியூப்ல போட்டுராதீங்க. இணையத்துல ஏற்கெனவே வந்த படத்தைச் சில விழாக்கள்ல எடுக்கறதில்லை. பாஸ்வேர்டு போட்ட லிங்க்கா அனுப்புங்க. திருவனந்தபுரத்துல குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும்னே சர்வதேச விழா நடக்குது, நமக்குப் பக்கம்தான். சினிமாப் பாட்டை அனுமதி இல்லாம வெச்சிருந்தா மட்டும் அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்துருங்க.