தொழிற்சங்கத் தலைவரின் தாள்கள்: அடுக்கைக் கலைக்காமல் படிப்பது எப்படி?

[திரையில்: பழுப்பேறிய கோப்புகள் நிறைந்த அட்டைப் பெட்டி]

1938 நவம்பர். ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள், ஜப்பானுக்குப் போகும் கச்சா இரும்பை டால்ஃப்ராம் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள். அந்த இரும்பு சீன மக்கள்மேல் குண்டாக விழும் என்றார்கள். அவர்களுடைய சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் ஜிம் ஹீலி, ஒரு கம்யூனிஸ்ட். 1937 முதல் 1961இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சம்மேளன ஆவணங்கள் கான்பெராவில், நோயல் பட்லின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இப்படிப்பட்டவர்களின் வீட்டிலிருந்து தாள்கள் வரும்போது, தயவுசெய்து அடுக்கைக் கலைக்காதீர்கள். கடிதம் தனி, துண்டறிக்கை தனி என்று பிரிப்பதுதான் பெரிய சேதம். ரோனியோ என்ற பழைய நகலெடுக்கும் இயந்திரத்தில் உருட்டிய வேலைநிறுத்த அறிக்கையில் பெரும்பாலும் தேதி இருக்காது. அதற்கு மேலும் கீழும் கிடக்கும் கார்பன் நகல்களின் தேதியை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க முடியும். குடும்பத்தார் பதக்கத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, வேலைநிறுத்த நிதிக் கணக்கு எழுதிய நோட்டை எடைக்குப் போட்டுவிடுவார்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு போனது என்பது அந்த நோட்டில்தான் இருக்கும்.

[திரையில்: துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், நெருக்கத்தில் எடுத்த படம்]

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் தாள் கிழியும். பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, பின்னின் கால்களை நிமிர்த்திய பிறகு எடுங்கள். செய்தித்தாள் நறுக்கின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். நடுவே அமிலமற்ற தாள் வையுங்கள். ஃபேக்ஸ் தாளில் எழுத்து மங்கிவிடும், உடனே நகலெடுங்கள். செலோடேப்பைத் தொடாதீர்கள், அது ஆவணப் பாதுகாப்பு நிபுணரின் வேலை.

1940 ஜூன் முதல் 1942 டிசம்பர் வரை தாள்கள் குறைவாக இருந்தால், அந்தத் தலைவர் சும்மா இருந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். அப்போது ஆஸ்திரேலியாவில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. சோதனைக்குப் பயந்து எரித்தவர்களும் ஒளித்தவர்களும் உண்டு.

1949இல் தொடங்கிய ஆசியோ என்ற ஆஸ்திரேலிய உளவு அமைப்பின் தனிநபர் கோப்புகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ6119 வரிசையில் கிடைக்கும். கூட்டத்தின் தேதிக்கும் இடத்துக்கும் அவை உதவும். ஆனால் ஒற்றர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார். கறுப்படித்த வரிகளும் இருக்கும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் இணையதளத்தில் கட்சியின் 'டிரிபியூன்' இதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலைவருக்கு வந்த கடிதத்தின் காப்புரிமை எழுதியவருடையது. ஆஸ்திரேலியாவில் பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும். படமெடுக்க அனுமதி கிடைத்தாலும், வெளியிடத் தனி அனுமதி வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் முதல் படத்தில் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் தெரியட்டும்.