திருச்சி சங்கரன்: கச்சேரி மேடையும் பல்கலைக்கழக வகுப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

மிருதங்க வித்வான் ஒருவர் வெளிநாட்டில் பேராசிரியர் வேலைக்குப் போகிறார் என்றால், "அவ்வளவுதான், இனி கச்சேரி எங்கே!" என்று சபாக்களில் உச்சுக்கொட்டுவார்கள். திருச்சி சங்கரன் விஷயத்தில் அந்த ஆரூடம் பலிக்கவில்லை.

1942-ல் திருச்சிப் பக்கம் பூவாளூரில் பிறந்தவர். முதல் பாடம் உறவினர் பூவாளூர் வெங்கடராமனிடம். அப்புறம் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் குருகுலம். மிருதங்கத்தின் கனத்த நாதப் பக்கமான தொப்பியில் பழனி எழுப்பிய நாதத்துக்கு, அழுத்தி இழுத்து வரவழைக்கும் அந்தக் கும்கிக்கு, இன்றும் உருகுகிறவர்கள் உண்டு. 13 வயதிலேயே, ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு சேர்ந்து சங்கரன் மேடையேறிவிட்டார்.

கஞ்சிராவிலும் அவருக்குக் குருவைப் போலவே தேர்ச்சி. பாரம்பரியமாக உடும்புத் தோல் போர்த்திய, ஒரு கைக்குள் அடங்குகிற வாத்தியம் அது. கொஞ்சம் தண்ணீர் தொட்டுச் சுருதியை இறக்கி, ஒரே கையால் வாசிக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி பேசுவதை அந்தச் சின்னத் தோலில் பேச வைப்பதுதான் பெரிய வித்தை.

1971-ல் கனடா போனார். டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில், ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நாம் கொண்டாடிய அமெரிக்கப் பாடகர் ஜான் ஹிக்கின்ஸும் அவரும் சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். குருகுலத்தில் நேரம் காலம் கிடையாது. பல்கலைக்கழகத்திலோ மணி அடித்தால் வகுப்பு முடிந்தது. எதிரில் இருப்பவர்கள் கர்நாடக இசையை அதுவரை கேட்டிராதவர்களாகவும் இருக்கலாம். அவர்களுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது?

சொற்கட்டிலிருந்து, அதாவது மிருதங்க அடிகளை வாயால் சொல்லும் சொற்களிலிருந்து, ஆரம்பிக்கலாம். வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவதற்கு வாத்தியம்கூட வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், நீங்களும் தாளம் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் நான்கு மாத்திரை (சமமான சிறு கால அளவு) வைத்தால் 32. "ததிகிணதொம்" என்பது 5 மாத்திரை. அதை இரண்டு தடவை சொன்னால் 10. ஒரு மாத்திரை இடைவெளி விட்டு மறுபடி 10, மறுபடி ஓர் இடைவெளி, கடைசியாக ஒரு 10. மொத்தம் 32 வந்துவிட்டதா? அடுத்த தட்டு சமம், அதாவது தாளம் மறுபடி தொடங்கும் இடம். எந்த நாட்டு மாணவருக்கும் இது பிடிபடும். கணக்கு நேராகிற அந்தச் சமத்தில் வகுப்பே சிரித்துவிடும்!

என் அபிப்பிராயம், இப்படி வாய்ப்பாடமாகச் சொல்லித் தரத் தெரிந்ததால்தான் மற்ற இசைக்காரர்களோடும் அவரால் சுலபமாகச் சேர முடிந்தது. நெக்சஸ் தாளவாத்தியக் குழுவோடு வாசித்தார், இந்தோனேசிய கேமலான் வாத்தியங்களுக்கு எழுதினார். ஃபியூஷன் என்ற பெயரில் வெறும் வேகத்தைக் காட்டும் கூத்து அவரிடம் கிடையாது.

இங்கே கச்சேரிகளையும் விடவில்லை. 2011-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது தந்தது. பெரும்பாலும் பாடகர்களுக்கே போகும் விருது அது. அவருடைய தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஏதாவது கிடைத்தால், முத்தாய்ப்புக் கணக்குகளான மோராவுக்கும் கோர்வைக்கும் காத்திருக்காமல், அதற்கு முன்னால் கீர்த்தனைக்கு எப்படி வாசிக்கிறார் என்பதைக் கேளுங்கள்.

வணக்கம்.